எட்டு மாதம் இருந்த முகாம்

கொறற்றியின் அகதி விண்ணப்பம் 1994இல் நிராகரிக்கப்பட்டது. ஜேர்மனியின் ஹம் நகரத்தில் அவளுக்காக வழக்காடிய வக்கீலம்மா கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டுச் சொன்னாள்: "நீங்கள் சொல்லும் ஊரில் இராணுவ முகாம் இருந்ததாக எந்த அறிக்கையிலும் இல்லையாம். முகாமே இல்லாதபோது உங்கள் கணவரை அங்கே கொண்டுபோனதை எப்படி நம்புவது என்று கேட்கிறார்கள்."

கொறற்றி தன் உள்ளங்கையைப் பார்த்தாள். அந்த முகாமுக்குப் பனங்குற்றி சுமந்த கை அது.

மன்னார்ப் பெருநிலத்தில் பாலையடி என்ற சிறிய ஊர் அவளுடையது. ஊரின் வடக்கே போராளி இயக்கத்தின் இடம், தெற்கே அரசாங்கத்தின் இடம். 1990 நவம்பரில் ஆமி வந்து, கூட்டுறவுச் சங்கக்கடையையும் பள்ளிக்கூடத்தையும் வளைத்து மண் அணை போட்டது. பனைகளைத் தறித்து, ஊர்ச்சனத்தைக் கொண்டே சுமப்பித்துப் பங்கர் கட்டியது. அடுத்த ஜூலையில் எல்லாவற்றையும் கொளுத்திவிட்டுப் போனது. வரைபடத்தில் ஏறுமளவுக்கு அந்த முகாம் நிலைக்கவில்லை. ஆனால் பதினேழு பேர் உள்ளே போய்த் திரும்பாமலிருக்க அந்த எட்டு மாதம் போதுமாயிருந்தது.

சங்கக்கடை மனேச்சர் அருட்பிரகாசம் அவர்களில் ஒருவர். கொறற்றியின் கணவர். பெப்ரவரி பதினான்காம் திகதி ஊர் ஆண்களை றோட்டில் வரிசையாக நிறுத்தினார்கள். ஜீப்புக்குள் ஒருவன் சாக்கால் முகம் மூடி உட்கார்ந்திருந்தான். அவன் யாருக்குத் தலையாட்டினானோ அவர்களைப் பிடித்தார்கள். அருட்பிரகாசம் முன்னால் வந்ததும் சாக்கு அசைந்தது. அதன் பிறகு அவரைப் பற்றி ஒரு சொல்லும் வரவில்லை. அன்றுவரை அவள் அவரை உயிரோடிருப்பவராக எண்ணித்தான் செபம் சொல்லிவந்தாள்.

"முகாமைக் கண்ட ஒருவர் வந்து சாட்சி சொன்னால் அப்பீலில் வெல்லலாம்" என்றாள் வக்கீலம்மா.

ஊர்ச்சனம் மடுக் கோயில் அகதி முகாமுக்கும் இந்தியாவுக்குமாய்ச் சிதறிப் போயிருந்தது. போட்ட கடிதங்களுக்குப் பதில் இல்லை. கடைசியில், எசன் நகரத்தில் நடந்த ஒரு கலியாண வீட்டில்தான் வத்சலா என்பவள் சொன்னாள்: "கெல்சென்கிர்ச்சனிலை பரராசசிங்கம் எண்டொரு அண்ணை இருக்கிறார். பாலையடிக் காம்பிலை அடைபட்டுக் கிடந்தவராம். ஆரோடையும் பழகமாட்டார்."

ஒரு ஞாயிறு மத்தியானம் கொறற்றி அவர் அறைக்குப் போனாள். பக்கத்து ஊர்க்காரர், நாற்பத்தைந்து வயதிருக்கும். அவள் வந்த காரணத்தைச் சொன்னதும் ஒரு தாளை எடுத்து முகாமைப் படமாகக் கீறத் தொடங்கினார். மண் அணை, பள்ளிக்கூடத்து மூன்று வகுப்பறை, கிணறு, சென்ட்ரி நிற்கும் இடம். ஒன்றும் பிசகவில்லை. அவளுக்குக் கண் கலங்கியது.

"இது சங்கக்கடைக் களஞ்சியம்" என்று சின்னப் பெட்டியொன்று கீறினார். "இதுக்குள்ளை ஒரு யன்னல். றோட்டு முழுக்கத் தெரியும்."

"பிடிச்ச ஆக்களைப் பள்ளிக்கூடத்திலைதானே வைச்சிருந்தவை? களஞ்சியத்துக்குள்ளை நீங்கள் என்னெண்டு போனனீங்கள், அண்ணை?"

அவருடைய பேனை நின்றது. அவள் கேட்ட பிறகுதான் தான் கேட்டது என்னவென்று அவளுக்கே விளங்கியது.

"மூண்டு நாள் அடிச்சவங்கள், தங்கச்சி. நாலாம் நாள் முகத்திலை சாக்கைப் போட்டு, அந்த யன்னலாலை றோட்டிலை போறவையைப் பாக்க விட்டாங்கள். பிறகு ஜீப்பிலை ஏத்தினாங்கள்."

"சங்கக்கடை மனேச்சர்..."

"ஓம். வெள்ளைச் சேட்டு. கையிலை கடைப்பூட்டுத் திறப்புக்கோர்வை." அவர் தாளைப் பார்த்தபடியே சொன்னார். "ஆரையாவது காட்டு எண்டாங்கள். அவரை எனக்குத் தெரியாது. தலையை ஆட்டிப்போட்டன்."

"இப்ப அவர் எங்கை?"

"பிடிச்சு மூண்டு நாள் கழிச்சு ஆள் முடிஞ்சுது. கிணத்துக்குப் பின்னாலை தாட்டவங்கள். நானும் சேர்ந்துதான் கிடங்கு வெட்டினனான்."

கொறற்றி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பாத்றூமுக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். வெளியே வந்தபோது அவர் வேறொரு தாளில் எழுதிக்கொண்டிருந்தார்.

"எல்லாத்தையும் எழுதித் தாறன். சாக்குப் போட்டதையும்."

அவள் அதை வாங்கி வாசித்தாள். இதை நீதிபதி பார்த்தால், ஆட்களைக் காட்டிக்கொடுத்த இந்த மனிதனை நம்புவாரா? நம்பாவிட்டால் முகாமும் இல்லை, அவளும் இல்லை.

"சாக்கை விட்டிட்டு எழுதுங்கோ."

"தங்கச்சி..."

"எனக்கு இந்தக் கேசு வெல்லவேணும். விட்டிட்டு எழுதுங்கோ."

அப்பீல் வழக்கு 1996 மார்ச்சில் விசாரணைக்கு எடுக்கப்பட்டது. முகாமின் அமைப்பு எப்படித் தெரியும் என்று நீதிபதி கேட்டார். "நான் அங்கே கைதியாக இருந்தேன்" என்றார் பரராசசிங்கம். அது பொய்யில்லை. அருட்பிரகாசத்தைப் புதைத்ததைச் சொல்லும்போது குரல் உடைந்தது. மொழிபெயர்த்தவர் தண்ணீர் கொடுத்தார். கொறற்றி நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். ஆறு வாரத்துக்குப் பிறகு தீர்ப்பு அவளுக்குச் சாதகமாக வந்தது.

தீர்ப்புக் கடதாசியை எடுக்க வக்கீலம்மாவிடம் போன அன்று, பரராசசிங்கம் ஹம் ஸ்டேசனில் அவளுக்காகக் காத்து நின்றார்.

"ஏசிப்போட்டாவது போங்கோ, தங்கச்சி."

"நீங்கள் வராட்டி எனக்கு இந்தக் கடதாசி இல்லை" என்றாள் கொறற்றி. "உங்களை ஏசவும் எனக்கு வழியில்லாமல் போச்சு. அதைத்தான் என்னாலை தாங்க ஏலாமல் கிடக்கு. இனி என்ரை கண்ணிலை படாதேங்கோ."

அவர் தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கினார். அந்த வருடமே தெற்கே முன்ஷன் நகரத்துப் பக்கம் போய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டாள்.

அடுத்த ஞாயிறு, தேவாலயத்தில் இறந்தவர்களுக்கான தமிழ்ப் பூசைக்குப் பேர் கொடுக்கும் மேசைக்குக் கொறற்றி போனாள். இறந்த திகதி என்னவென்று கேட்டார்கள். அவரைப் பிடித்துப்போன நாளிலிருந்து மனதுக்குள் கணக்குப் பார்த்து, பெப்ரவரி பதினேழு என்றாள்.