கண்ணாடியில் படித்த பாஷை

செங் ஊர் சிக்னலில் எங்கள் காருக்கு முன்னால் நின்ற லாரி குப்பென்று டீசல் புகையைத் தள்ளியது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "என்னம்மா, தனியா சிரிக்கிறீங்க?" என்றான் மகன். அந்த வாடைக்குள் ஒரு பாக்டரி பஸ்ஸும் எங்கள் லெட்சுமியும் உட்கார்ந்திருப்பதை அவனுக்கு எப்படிச் சொல்ல?

அந்தக் காலத்தில் செர்காம் ஊர்ப் பக்கமிருந்து எங்களை வேலைக்கு அள்ளிக்கொண்டு வரும் பஸ் அது. லெட்சுமிக்குக் காது கேட்காது. "வாய் பேசாத பொண்ணு" என்பார்கள் வெளியாட்கள். அவள் வாயாடித்தனம் அவர்களுக்குத் தெரியாது, பாவம். பாக்டரியில் மெஷின் போடும் இரைச்சலில் எங்கள் காதுகளுக்கும் வேலையில்லை. அவள் மட்டும் கைகளால் வம்பளந்துகொண்டிருப்பாள். வம்பை விட மனசு வருமா? லைன் மொத்தமும் அவளிடம் கைப்பேச்சு கற்றுக்கொண்டது.

பிறகு பஸ்ஸிலும் அதே பேச்சுதான். டிரைவர் குணா அண்ணனின் மீசைதான் தினமும் அகப்படும். லெட்சுமி மூக்கின் கீழே விரலை வைத்துப் பல் தேய்ப்பதுபோல் காட்டுவாள், டூத்பிரஷ் மீசையாம். பின்சீட்டே குலுங்கும். அவர் கண்ணாடியில் பார்த்தால், இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்று உட்கார்ந்திருப்போம்.

லெட்சுமியைப் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே ரகம். அவளே டீத் தட்டோடு எதிரில் நிற்பாள், "பொண்ணுக்குச் சமைக்கத் தெரியுமா?" என்று அவள் அம்மாவைக் கேட்பார்கள். ஒவ்வொருவரையும் வேண்டாம் என்றாள். "என்கிட்ட பேசாதவன்கூட எப்படி வாழ்றது?" என்று கையால் கேட்டாள். அம்மா அழுதார். "இதான் கடைசி. இதையும் தட்டுனா இனி யாரையும் கூப்புட மாட்டேன்."

அந்தக் கடைசி ஆளைப் பார்க்க நானும் போயிருந்தேன், அவள் கைப்பேச்சை வாய்ப்பேச்சாக மாற்றிச் சொல்ல. உள்ளே வந்தவர் குணா அண்ணன்! மீசையைக் காணோம். எனக்கு நாற்காலிக்கு அடியில் புகுந்துவிடலாம் போலிருந்தது.

அவருடைய அம்மா வழக்கம்போல் லெட்சுமியின் அம்மாவிடம், "பொண்ணு வேலைய விட்டுருமா?" என்று ஆரம்பித்தார்.

"அவங்கள கேளுங்கம்மா," என்றார் குணா அண்ணன். பிறகு லெட்சுமிக்கு நேராகத் திரும்பி உட்கார்ந்தார். மூக்கின் கீழே விரலை வைத்துப் பல் தேய்த்தார். அந்த மீசையைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே வீசுவதுபோல் காட்டினார். "இப்ப சரியா?" என்று கைகளால் கேட்டார்.

ஐயோ, எங்கள் வம்பு அத்தனையும் மனிதருக்குத் தெரிந்திருக்கிறது! "சிக்னல்ல நிக்கிறப்பல்லாம் கண்ணாடியில பாத்துப் படிச்சேன்லா," என்று என்னிடம் அசடு வழிந்தார். கண்ணாடியில் படித்ததால் வலக்கைப் பேச்சையெல்லாம் இடக்கையால் பேசினார்.

லெட்சுமி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். எழுந்துபோய் அவர் கையைப் பிடித்து மாற்றி வைத்தாள். அப்புறம் இரண்டு பேரும் நிறுத்தவே இல்லை. "என்கிட்டயும் சொல்லுங்கலா!" என்று அவர் அம்மா கெஞ்சினார். எனக்கு வேலையே இல்லாமல் போனது. சந்தோஷமாக முறுக்கைத் தின்றேன்.

அந்த பாக்டரி இப்போது பார்சல் கிடங்கு. பஸ் பழைய இரும்பாகிவிட்டது. பேசிப் பழக ஆளில்லாமல் என் விரல்களும் திக்குகின்றன. அவர்கள் வீட்டுக்குப் போனால் லெட்சுமி அதற்குத் திட்டுகிறாள். போன வாரம் குணா அண்ணன், மறுபடி மீசை வைக்கட்டுமா என்று கேட்டாராம். லெட்சுமி எழுந்துபோய் டூத்பேஸ்ட்டை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாளாம்.