லேத்துக்கு வைத்த பொட்டு

எங்கள் சித்தப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பயனில்லை. பிறந்ததிலிருந்தே அவருக்குக் காது கேட்காது, பேச்சும் வரவில்லை. அதனால் அவர் பார்வையில் படும்படி நின்று, கையை மூடி மணிக்கட்டைச் சுழற்றிக் காட்டுவோம். இரும்பு கடைகிற லேத் மெஷினின் கைப்பிடியைச் சுற்றுகிற சைகை அது. ஐடிஐயில் டர்னர் படிப்பு முடித்ததும் அவரே தனக்கு வைத்துக்கொண்ட பெயர்.

துவாக்குடியில் ஒரு பட்டறையில் அவருக்கு வேலை கிடைத்தபோது, அப்பா எங்கள் பாலக்கரை முழுக்க லட்டு கொடுக்காத குறைதான். சித்தப்பா காலையில் டிபன் பாக்ஸோடு பஸ் ஏறுவார். மாலையில் சட்டையெல்லாம் எண்ணெயும் இரும்புத் தூளுமாக வருவார். என்ன வேலை செய்தாய் என்று அப்பா ஜாடையில் கேட்டால் மணிக்கட்டைச் சுழற்றுவார். அம்மாவுக்கும் தைரியம் வந்துவிட்டது. "ஸ்ரீரங்கத்துல ஒரு பொண்ணு இருக்காம், போய்ப் பாக்கலாங்களா?" என்று அப்பாவிடம் கேட்கத் தொடங்கியிருந்தாள்.

ஆயுத பூஜைக்குப் பட்டறையில் குடும்பத்தோடு வரச் சொல்வார்கள். சித்தப்பா ஒவ்வொரு வருடமும் ஏதாவது சாக்குக் காட்டித் தட்டிக் கழிப்பார். அந்த வருடம் நான் பட்டுப்பாவாடையைக் கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டேன். என்னுடையது உடும்புப் பிடி. கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினார். அப்பாவும் கூட வந்தார்.

பட்டறை வாழைக்கன்றும் மாவிலையுமாகக் கல்யாண வீடு போல இருந்தது. அங்கே ஒரு வழக்கம்: யார் எந்த மெஷினை ஓட்டுகிறாரோ, அவர்தான் அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைக்க வேண்டும். எல்லோரும் முதலாளியின் காருக்கு மாலை போட வெளியே போன நேரம் பார்த்து, சித்தப்பா சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மூலையில் இருந்த லேத்திடம் விறுவிறுவென்று போனார். பொட்டு வைத்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து மணிக்கட்டைச் சுழற்றினார். நானும் சுழற்றினேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அவருக்குப் பின்னால் சூப்பர்வைசரும் மற்றவர்களும் திரும்பி வந்ததை நானும் அப்பாவும் பார்த்தோம், சித்தப்பா பார்க்கவில்லை. சூப்பர்வைசர் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே கிண்ணத்தை வாங்கி, அந்த லேத்தை ஓட்டுகிறவரிடம் கொடுத்தார். அவர் சித்தப்பா வைத்த பொட்டைத் துணியால் துடைத்துவிட்டுப் புதிதாக வைத்தார். சூப்பர்வைசர் சித்தப்பாவின் கையில் ஒரு துடைப்பத்தைக் கொடுத்து, இதற்கு வை என்று ஜாடை காட்டினார்.

அப்பா முதலாளியிடம் போய் மெதுவாகக் கேட்டார். "டர்னர் படிச்சிருக்கான்ங்க. லேத்துக்குன்னு சொல்லித்தானே எடுத்தீங்க?"

"படிச்சிருக்கட்டும்ங்க. காது கேக்காதவனை மெஷின்ல விட முடியுங்களா? ஏதோ பாவம்னு கூட்டிப் பெருக்க வச்சிருக்கோம்."

முதலாளி கெட்டவர் இல்லை. எங்களுக்குப் பொரிப் பொட்டலம் ஒன்று கூடுதலாகவே கொடுத்தார். ஒரு நாள்கூட அந்த மெஷின் முன்னால் சித்தப்பாவை நிறுத்திப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அவருக்கு உரிய வேலையைப் பிடுங்கிக்கொண்டு, மிச்சத்தைத் தருமம் என்று போட்டார்கள். நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. அன்றைக்கு எரியவில்லை. ஆயுத பூஜையன்று எங்கள் வீட்டில் அம்மா துடைப்பத்துக்கும் பொட்டு வைப்பாள்; அதனால் அதில் எனக்குக் குறையொன்றும் தெரியவில்லை. சித்தப்பா குனிந்து துடைப்பத்துக்குப் பொட்டு வைத்தபோது கைகூடத் தட்டினேன்.

மறுநாளும் அவர் டிபன் பாக்ஸோடு வேலைக்குப் போனார். ஸ்ரீரங்கத்துப் பெண்ணைப் பற்றி மட்டும் அம்மா பிறகு பேசவே இல்லை.

பூஜை முடிந்து அன்று திரும்பும் பஸ்ஸில் அப்பா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் பொரி தின்றுகொண்டிருந்தேன். சித்தப்பா ஒரு வாய்கூட வாங்கவில்லை. அவரைச் சிரிக்க வைக்கலாம் என்று முழங்கையால் இடித்து, அவர் பெயரைச் சொன்னேன். மணிக்கட்டைச் சுழற்றினேன். அவர் என் கையைப் பிடித்துத் தன் மடியில் அமுக்கி வைத்துக்கொண்டார். ஏதோ புது விளையாட்டு என்று நினைத்து, மறு கையால் சுழற்றிக் காட்டினேன்.