கராஜுக்குள் முடிந்த இசைக்குழு

யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட பாண்ட் அணியில் டிரம் அடித்தவன் நான். எண்பதுகளின் நடுவில் அகதியாக லண்டனுக்கு வந்து, ஃபாரஸ்ட் கேட் பகுதியில் ஒரு பெற்றோல் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். பக்கத்துக் கராஜில் கார் திருத்திய வெள்ளைக்காரன் ஒருவன் கிட்டார் வாசிப்பான். அவனுடைய ஹெவி மெட்டல் குழுவில் டிரம்ஸ் அடிக்க ஆளில்லை. சனிக்கிழமை பின்னேரங்களில் கராஜின் ஷட்டரை இறக்கிவிட்டு அவர்களோடு அடிக்கத் தொடங்கினேன்.

நான் தங்கியிருந்தது பெரியப்பாவின் மகன் வீட்டில். ஒருநாள் எங்கள் பயிற்சியைப் பார்க்க வந்த அண்ணை, பாதியில் வெளியே போய் நின்றார்.

"ஊரிலை பட்ட ஷெல்லடி காணாதெண்டே இஞ்சையும் வந்து இந்தச் சத்தம் போடுறாய்?"

ஷெல் விழும்போது மேசைக்குக் கீழே காதைப் பொத்திக்கொண்டு கிடந்திருக்கிறேன். இந்தச் சத்தம் என் கையில் இருந்தது. நான் நிறுத்தினால் நின்றது.

பப்களில் வாசித்தோம். மேடைக்கு முன்னால் பெடியன்கள் ஒருவரையொருவர் மோதித் தள்ளி மூக்கு உடைத்துக்கொள்வார்கள். விழுந்தவனை உடனே தூக்கியும் விடுவார்கள். அந்த அடியில் பகை இருக்கவில்லை. பகை ஹவுன்ஸ்லோ பப் ஒன்றில் ஒரு ஞாயிறு மத்தியானம் வந்தது. மொட்டைத் தலையன் ஒருவன் என்னைப் 'பாக்கி' என்று, எங்கள் நிறத்தவரை இழிவுபடுத்தும் சொல்லால், கத்திவிட்டு பியர் கிளாஸை எறிந்தான். அது என் புருவத்தைக் கிழித்தது. எங்கள் பாடகன் மைக் ஸ்டாண்டோடு மேடையிலிருந்து பாய்ந்து அவன் தாடையில் அடித்தான். அவனுடைய கூட்டாளிகள் பாடகனை விழுத்தி மிதித்தார்கள். கண்ணுக்குள் இரத்தம் வழிய நானும் இறங்கி, கிடைத்தவனை எல்லாம் அடித்தேன். பாடகனுக்கு இரண்டு விலா எலும்புகள் முறிந்தன. எனக்காக அடிவாங்கிய முதல் வெள்ளைக்காரன் அவன்தான்.

எண்பதுகள் முடியும் தறுவாயில் எங்கள் இசைக்கு நல்ல காலம் பிறந்தது. தலைமயிரைப் பஞ்சுபோல ஊதி, முகத்துக்குப் பூச்சுப் பூசிய குழுக்கள் தொலைக்காட்சியில் வந்தன. எங்களைத் தேடியும் ஒரு ஏஜென்ட் வந்தார். பாடகன் மட்டும் அவரோடு பலமுறை பேசினான். பிறகு ஒரு சனிக்கிழமை கராஜில் வைத்து விஷயத்தைச் சொன்னான். பாட்டுகள் மெதுவாக வேண்டுமாம். போஸ்டருக்கு என் முகம் சரிவராதாம். வேறு டிரம்மர் பார்த்தாயிற்றாம். இவ்வளவையும் என்னைப் பார்க்காமல், கிட்டார்காரனைப் பார்த்தே சொன்னான்.

கிட்டார்காரன் அவன் வாயில் குத்தினான். முன்பற்கள் உடைந்து தரையில் விழுந்தன. பாடகன் சுவரில் சாய்ந்திருந்த கிட்டாரைத் தூக்கி ஓங்கினான். அது கிட்டார்காரன் தலையைப் பிளந்திருக்கும். நான் குறுக்கே போய்க் கையை நீட்டினேன். மணிக்கட்டில் எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. கிட்டாரின் கழுத்தும் முறிந்து, கம்பிகளில் தொங்கியது.

ஆஸ்பத்திரிக்கு என்னைத் தன் வான் வண்டியில் கொண்டுபோனவன் பாடகன்தான். வாயிலிருந்து இரத்தம் ஒழுக ஓட்டினான்.

"உனக்கு விளங்கும் என்று நினைத்தேன்," என்றான்.

எனக்கு நன்றாகவே விளங்கியது.

அவனுடைய புதிய குழு ஒரேயொரு இசைத்தட்டு வெளியிட்டது. அதற்குள் அமெரிக்காவிலிருந்து கட்டம்போட்ட சட்டைக்காரர்கள் புதிய இசையோடு வந்துவிட்டார்கள். பூச்சுப் பூசியவர்களை எல்லாரும் கேலி செய்தார்கள். நாங்கள் வாசித்த பப்களில் டான்ஸ் மியூசிக் ஓடியது. கிட்டார்காரன் கராஜோடு நின்றுவிட்டான். என் மணிக்கட்டு கோணலாகப் பொருந்தியது. வேகமாக அடிக்க ஏலாது.

தொண்ணூறுகளின் நடுவில் பாடகன் தான் வாடகைக்கு ஓட்டும் மினிகேப் காரில் எங்கள் நிலையத்துக்குப் பெற்றோல் அடிக்க வந்தான். தலைமயிர் குட்டையாக இருந்தது, முன்பற்கள் பொய்ப்பற்கள். இன்னும் வாசிக்கிறாயா என்று கேட்டான். இல்லை என்றேன். தானும் பாடுவதில்லை என்றான். பின்னால் நின்ற கார் ஹாரன் அடித்தது. அவன் போய்விட்டான்.

அவனை அடிக்க வேண்டும்போல் கை துடித்தது. கோபம் எப்போதோ ஆறிவிட்டது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.