ப் விட்டுப்போன கடல்

சசிகலா எழுத்தாளர்தான். புத்தகம் எதுவும் போட்டதில்லை. ஜமுனாமரத்தூரில் பெண்கள் குழு நடத்தும் சாமை மில்லின் வாசலில் ஒரு கரும்பலகை மாட்டியிருக்கிறது. அதுதான் அவளுடைய புத்தகம். நாளுக்கு ஒரு பதிப்பு, மழை வந்தால் அதுவும் கிடையாது.

மில்லில் மூட்டையை எடை போட்டு டோக்கன் கொடுப்பது அவள் வேலை. பலகையின் மேல் பாதியில் இன்று என்ன அரைக்கிறார்கள், கரண்ட் எப்போது போகும் என்கிற சமாசாரங்களை எழுதுவாள். கீழ்ப் பாதி அவளுக்கே சொந்தம். 'மேகம் இன்று மலையை விட்டு இறங்கவில்லை. அதற்கும் லீவு போல' என்று ஒருநாள் எழுதுவாள். 'கரண்ட் வரும்வரை யாரும் பழைய சண்டையை எடுக்க வேண்டாம்' என்று இன்னொரு நாள். பஸ்ஸில் போகிறவர்கள்கூட ஜன்னலில் எட்டிப் படிப்பார்கள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவளுக்கு இதற்கு மேல் என்ன கிரீடம் வேண்டும்?

மே மாதம் குடும்பத்தோடு புதுச்சேரி போனார்கள். அவள், புருஷன் ஜீவானந்தம், பிள்ளைகள் இரண்டு பேர். மாதம்மாள் மட்டும் போகவில்லை. அவள் ஜீவானந்தத்தின் அக்கா, சசிகலாவுக்கு அண்ணி, அதே வீட்டில் இருப்பவள். மாடு கன்று போடுகிற சமயம், யாராவது ஒருத்தர் இருந்தாக வேண்டும். யார் என்று யாரும் கேட்கவில்லை, அவளும் காத்திருக்கவில்லை. இவர்கள் அலையில் குதித்துக்கொண்டிருந்த அன்று அவள் கன்றுக்குட்டியின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்ததும் பிள்ளைகள் போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்கள். மாதம்மாள் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுத் தள்ளிவிட்டாள்.

"இன்னாடி சசி இது, நீலச் சீலைய காயப்போட்டாப்ல கீது. நீ போர்டுல எழுது. நான் படிச்சிக்கிறேன்."

அறிவொளி வகுப்பில் எழுத்து கற்றவள் மாதம்மாள். ஒவ்வோர் எழுத்தாக, முள்ளில் சிக்கிய புடவையை எடுப்பதுபோல நிதானமாக எடுப்பாள். அவள் படிக்கிற ஒரே பத்திரிகை அந்தப் பலகை. தினமும் மாட்டை ஓட்டிக்கொண்டு அந்த வழியாகத்தான் போவாள்.

திங்கட்கிழமை சசிகலா வேலைக்குப் போனபோது கீழ்ப் பாதியில் யாரோ எழுதி வைத்திருந்தார்கள்: 'எழுத்தாளர் கடலில் இருக்கிறார். நீச்சல் தெரியாது. வேண்டிக்கொள்ளவும்.' அவள் கையெழுத்தைப் போலவே எழுத முயன்று தோற்ற கையெழுத்து. எந்தக் களவாணி என்று இன்றுவரை தெரியாது. பலகை அத்தனை நாள் காலியாகக் கிடந்தால் யாருக்குத்தான் கை அரிக்காது?

சிரித்துக்கொண்டே அழித்தாள். எடைக்கல்லைத் தூக்கியதும் கைக்கு மில் வேலை ஞாபகம் வந்துவிட்டது. சாக்பீஸைத் தூக்கினால் ஒன்றும் வரவில்லை. 'கடல் பெரியது' என்று எழுதி அழித்தாள். பெரியது என்று யாருக்குத் தெரியாது? 'கடல் நீலம்' என்று எழுதினாள். அதற்குப் போனே போதும்.

உண்மையில் அவள் மனசில் நின்றது வேறு. முதல் அலை காலைக் கவ்வியபோது சந்தோஷம் தாங்காமல் திரும்பி "அண்ணி" என்று கூப்பிட்டுவிட்டாள். பின்னால் பலூன்காரன்தான் நின்றிருந்தான். அதை எப்படிச் சாக்பீஸால் எழுதுவது?

அதற்குள் மூட்டைகள் வந்துவிட்டன. 'கடலை பார்த்தேன். சொல்லி மாளாது' என்று அவசரமாக எழுதிவிட்டு உள்ளே ஓடினாள்.

கொஞ்ச நேரத்தில் மாதம்மாள் மாட்டோடு வந்தாள். நின்று படித்தாள். முகம் சுருங்கியது.

"அதான் நம்ம கொல்லையிலயே கீதே," என்று சொல்லிவிட்டு மாட்டை ஒரு தட்டு தட்டிப் போய்விட்டாள். சசிகலாவுக்கு ஒன்றும் புரியவில்லை. விட்டுவிட்டுப் போன கோபம் இப்போதுதான் வருகிறது என்று நினைத்துக்கொண்டாள். நினைத்ததும் சாமை எடை இரண்டு தடவை தப்பியது.

மத்தியானம் நெல்லிவாசல்நாட்டிலிருந்து விவசாயி லட்சுமணன் ஜீப்பில் வந்து இறங்கினார். கையில் காலி சாக்கு. பின்னாலேயே இன்னும் இரண்டு சாக்குகள், ஆட்களோடு. முதல் மழை விழுந்து, விதைக்காக எல்லாரும் அலைகிற நேரம் அது.

"வெதைக்கடலை எங்கம்மா கீது? சொல்லி மாளாத கடலையாமே."

"கடலை இல்லீங்கண்ணா. கடலு."

"எழுதி வச்சிக்கீறியே."

சசிகலா வெளியே வந்து பார்த்தாள். கடலுக்கும் பார்த்ததுக்கும் நடுவில் இருக்க வேண்டிய ப் இல்லை. ஒற்று விட்டால் என்ன, தலையா போய்விடும் என்று வகுப்பில் வாத்தியாரிடம் கேட்டவள் அவள். தலை போகவில்லை, கடல் போய்விட்டது. அண்ணி வேர்க்கடலையை அல்லவா படித்திருக்கிறாள். 'எனக்காக ஒரு வரி கேட்டேன், இவள் கடலையை எழுதுகிறாள்' என்று நினைத்தல்லவா போயிருப்பாள். டவுன் காலேஜில் படிக்கும் பிள்ளைகள் அந்தக் கடலைக்கு என்ன அர்த்தம் எடுத்துக்கொண்டு சிரித்தார்கள் என்பதை இங்கே சொல்ல வேண்டாம்.

லட்சுமணன் திட்டவில்லை. சாக்கை மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். "செரி, கடலாவது எப்டி கீது, சொல்லு. வந்ததுக்கு அதையாவது எடுத்துனு போறேன்."

அவர் கேட்டதும் அவளுக்குத் தன்னால் வந்தது. நம்ம மில்லு மாதிரி ஓயாமல் சத்தம், ஆனால் நிறுத்த சுவிட்ச் கிடையாது என்றாள். அலை கன்றுக்குட்டிபோலக் காலை நக்கும், மண்ணை உருவிக்கொண்டு போகும் என்றாள்.

"மாடு குடிக்குமா?"

"வாயே வைக்காதுண்ணா. அத்தனையும் உப்பு."

"அத்தினி தண்ணிய வச்சிக்கினு ஒரு மாட்டுக்கு ஆவலியா," என்று, கஞ்சனான பணக்காரச் சொந்தக்காரனைப் பற்றிக் கேள்விப்பட்டவர்போலத் தலையை ஆட்டினார்.

அவர் ஜீப் ஏறியதும் சசிகலா பலகையைத் துடைத்தாள். மேல் பாதியையும் சேர்த்துத் துடைத்தாள். அன்று மில்லுக்கு இடம் கிடையாது.

சாயங்காலம் மாதம்மாள் திரும்பி வந்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் வந்தாள். ஆனாலும் பலகை முழுக்க எழுத்தைக் கண்டால் கால் நிற்காமல் என்ன செய்யும்? கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு எழுத்து எழுத்தாக எடுத்தாள்.

'கடலைப் பார்த்தேன். நிறையத் தண்ணீர். நம் மாடு வாய் வைக்காது. முதல் அலை வந்ததும் திரும்பி, அண்ணி என்று கூப்பிட்டேன். அடுத்த தடவை நீங்கள் போங்கள். மாட்டைப் பார்த்துக்கொள்வது என் வேலை.'

முதல் ப் பூசணிக்காய் அளவுக்கு இருந்தது. அதில் உதட்டை மூடித் திறந்து மாதம்மாள் மேலே போனாள். கடைசி வரியின் ப்-க்கு வந்தபோது மூடிய உதடு திறக்கவில்லை. மாடு கயிற்றை இழுத்துப் பார்த்தது. கன்று நினைப்பு அதற்கு.

சசிகலா தராசைத் துடைப்பதுபோல நின்றுகொண்டிருந்தாள்.

"இங்கேர்ந்தே பஸ்ஸு போவுதா," என்று மாதம்மாள் பலகையைப் பார்த்தபடியே கேட்டாள், "எங்கனா மாறணுமா?"

"போளூர்ல மாறணும் அண்ணி."