ஜன்னல் வழியே அம்மா வைத்த கொரியாக் குழம்பு

என் மகளுக்கு இப்போது கொரியாச் சாப்பாட்டுப் பைத்தியம் பிடித்திருக்கிறது. போனில் யாரோ எதையோ சிவக்கச் சிவக்கக் கிண்டுவதைப் பார்த்துவிட்டு, "மம்மி, இதெல்லாம் உனக்கு வராது" என்கிறாள். நான் சிரித்துக்கொண்டு சும்மா இருந்துவிடுவேன். ஸ்ரீராம்புரத்து எங்கள் சந்தில் கொரியாக் குழம்பை முதன்முதலில் கிண்டியது, கழுத்தில் துளசி மாலையும் இடுப்பில் கறுப்பு வேட்டியுமாக நின்ற என் அப்பாதான் என்றால் நம்பமாட்டாள்.

எனக்குச் சின்ன வயதில் அடிக்கடி வலிப்பு வரும். பிள்ளை பிழைத்தால் மலைக்குக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று அப்பா ஐயப்பனிடம் வேண்டிக்கொண்டிருந்தார். பிழைத்தேன். பத்து வயது முடிந்த பெண்பிள்ளைக்கு மலை கிடையாது என்பதால், எனக்கு ஒன்பது வயதாயிருந்தபோதே ஒரு கார்த்திகையில் அப்பாவும் நானும் ஒன்றாக மாலை போட்டோம். இரண்டு பேருக்கும் அதுதான் முதல் தடவை. முதல் தடவை போகிறவர்கள் வீட்டில் கன்னி பூஜை வைத்து, கூட வரும் சாமிமார்களுக்குச் சோறு போட வேண்டும். கடைச் சாப்பாடு ஆகாது. விரதம் இருக்கும் வீட்டு அடுப்பில்தான் சமைக்க வேண்டும். எங்கள் குருசாமி இதில் கறாரானவர். முந்தின வருஷம் ஒருவர் வீட்டுப் பூஜையில் ஏதோ குறை வந்ததென்று, "ஐயன் இன்னும் கூப்பிடல" என்று சொல்லி அவர் மாலையைக் கழற்ற வைத்துவிட்டார். அப்பா அதை எத்தனை முறை சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை.

பூஜை அன்று அம்மா விடிந்ததிலிருந்து அடுப்படியிலேயே இருந்தாள். சாம்பார், பொரியல், பாயசம் எல்லாம் முடிகிற நேரம். சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். திடீரென்று அடுப்பை அணைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் பின்வாசல் வழியாகப் போய் எதிர்வீட்டுக்குள் நுழைந்துவிட்டாள். எதிர்வீட்டில் ஒரு கன்னடக்கார அக்கா இருந்தார். "நீ இங்கயே இரும்மா, எனக்கு ஒண்ணும் தொந்தரை இல்ல" என்று அவர் சொல்வது சந்துவரை கேட்டது. பிறகு என்னிடம் வந்து, "உங்கம்மாவைக் காக்கா தொட்டுடுச்சு கண்ணு. மூணு நாள் வீட்டுக்குள்ள வரக்கூடாது" என்றார். நான் கரண்டுக் கம்பியெல்லாம் பார்த்தேன். ஒரு காக்காயும் இல்லை.

அம்மா வீட்டுக்கு விலக்காகிவிட்டாள் என்று அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. தலையில் கைவைத்து உட்கார்ந்தார். அம்மா சமைத்ததெல்லாம் பாத்திரத்தோடு எதிர்வீட்டுக்குப் போனது. வீட்டை மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவினோம். ஏழு மணிக்குப் பன்னிரண்டு சாமிகள் வரப்போகிறார்கள். உறவுக்காரர்கள் யாரும் கிட்டத்தில் இல்லை. அடுப்படிக்குள் போகலாம் என்றிருந்தது அப்பாவும் நானும் மட்டுந்தான். அப்பா பீன்யாவில் ஒரு பட்டறையில் லேத் மெஷின் ஓட்டுகிறவர். காபி போட்டால்கூட வடிகட்ட மறந்துவிடுவார்.

"சாமி, எதிர்வீட்டு ஜன்னல்கிட்டப் போய், என்ன பண்றதுன்னு கேட்டுட்டு வா சாமி. தொடாம நில்லு. பேசினா தப்பில்ல" என்றார். மாலை போட்ட நாளிலிருந்து அவருக்கு நான் சாமி, அவர் எனக்குச் சாமி.

எதிர்வீட்டு ஜன்னலில் திரை போட்டிருந்தது. அம்மாவின் குரல் மட்டும் வந்தது.

"சாதம் வைக்கத் தெரியுமில்ல அவருக்கு? அதை முதல்ல வைக்கச் சொல்லு. மேல் அலமாரியில மேடம் கொடுத்த சிவப்பு விழுது பாட்டில் இருக்கு. அதை இறக்கு. கடையில அரைக் கிலோ மீல்மேக்கர் லூஸ்ல வாங்கிட்டு வா."

மேடம் என்பது அம்மா சமையல் வேலை செய்த கொரியாக்காரம்மா. அவர் வீட்டுக்காரர் ஏதோ ஆலைக்கு மெஷின் பூட்ட வந்தவர். யஷ்வந்த்பூர் பக்கம் அப்பார்ட்மென்டில் இருந்தார்கள். விரதம் என்று அம்மா சொன்னதும் மேடம் தன் கையால் அந்த விழுதைக் கிளறிக் கொடுத்திருந்தார். மிளகாய், அரிசி, சோயா, உப்பு. அவ்வளவுதான்.

அப்புறம் நான் சந்தை எத்தனை தரம் தாண்டினேனோ தெரியாது.

"மீல்மேக்கரைச் சுடுதண்ணியில போட்டாச்சு, அடுத்து என்னன்னு கேக்கறாரு."

"பிழிஞ்சு எடுக்கச் சொல்லு. நல்லெண்ணெய் விட்டு, இஞ்சி, முட்டைகோசு, கேரட் போட்டு வதக்கணும். அடுப்பு நல்லா எரியட்டும்."

"எவ்வளவு நேரம்னு கேக்கறாரு."

"அது பார்த்தாலே தெரியும்."

நான் ஓடிப்போய்ச் சொன்னேன். அப்பா வாணலியை உற்றுப் பார்த்துவிட்டு, "தெரியலன்னு சொல்லு சாமி" என்றார்.

ஜன்னலுக்கு உள்ளே எதிர்வீட்டு அக்கா சிரிப்பது கேட்டது. அம்மா சிரிக்கவில்லை. "கோசு பாதியா சுருங்கணும். அப்புறம் விழுது நாலு கரண்டி எடுத்து, தண்ணியில கரைச்சு ஊத்தட்டும். கைப்பிடி வெல்லம். கொதிச்சுக் கெட்டியானதும் மீல்மேக்கர். கடைசியில எள்ளை வறுத்துத் தூவணும். மேடம் வீட்டுல இருபது நிமிஷத்துல செஞ்சிடுவேன். அவங்க பனீர் மாதிரி சோயாக் கட்டி போடுவாங்க. அதுக்கு நாம எங்க போறது."

அப்பாவுக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. கையும் மார்பும் சிவப்பு. ஒவ்வொரு கரண்டிக்கும் ஒரு சரணம் சொன்னார். ஆனால் ஏழு மணிக்குச் சாமிகள் வந்து பூஜை முடித்து இலை முன்னால் உட்கார்ந்தபோது, சோறும் குழம்பும் அப்பளமும் தயாராக இருந்தன.

குருசாமி இலையைப் பார்த்தார். சோற்றின் மேல் செக்கச்செவேல் என்று துண்டு துண்டாகக் குழம்பு. ஒரு துண்டை விரலால் அமுக்கினார். அது அமுங்கி எழுந்தது.

"யாரும் இலையில கை வைக்காதீங்க" என்றார். பன்னிரண்டு கைகளும் நின்றன. "என்ன சாமி இது?"

"மீல்மேக்கர் சாமி" என்றார் அப்பா.

"மீல்மேக்கர் எனக்குத் தெரியாதா? இது கறித்துண்டு மாதிரி இருக்கு. என்ன மசாலா?"

அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது. "கொரியாக்காரங்க கொடுத்த மிளகாய் விழுது சாமி."

ஒரு சின்ன வயசுச் சாமி பக்கத்தில் இருந்தவரிடம், "ஐயனே, வாசனை மட்டும் சும்மா இழுக்குது" என்று முணுமுணுத்தார். குருசாமி அவரை ஒரு பார்வை பார்த்தார்.

"கொரியாவுல எதைத்தான் சாப்பிட மாட்டாங்க? இதுல என்ன சேர்த்திருக்காங்கன்னு யாருக்குத் தெரியும்? வீட்டு மாளிகைப்புறம் எங்க?" என்று அம்மாவைக் கேட்டார்.

அப்பா தரையைப் பார்த்தார். அது பதிலாகிவிட்டது. குருசாமி மெல்ல இலையைத் தள்ளினார். அப்பா கரண்டியைக் கீழே வைத்தார். அவ்வளவுதான், மாலையைக் கழற்றச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். யாரும் சொல்லாமலே எதிர்வீட்டு ஜன்னலுக்கு ஓடினேன்.

நடந்ததைச் சொன்னதும் அம்மாவின் குரல் திரைக்குக் கிட்ட வந்தது. வேகமாகச் சொன்னாள். நான் அதை ஒரு சொல் விடாமல் மனசில் வைத்துக்கொண்டு திரும்பி ஓடிவந்து, குருசாமி முன்னால் கைகட்டி நின்று ஒப்பித்தேன்:

"மேடமும் கோயிலுக்குப் போறவங்களாம் சாமி. அவங்க கோயில் சாப்பாட்டுல பூண்டு வெங்காயம்கூடச் சேர்க்க மாட்டாங்களாம். இதுலயும் போடலியாம். முப்பத்தஞ்சு நாளா பச்சைத் தண்ணியில குளிச்சு இவங்க விரதத்தைக் காப்பாத்தினவ, கடைசி வாரத்துல கெடுப்பேனான்னு சாமியக் கேளு. வேணாம், அதைக் கேக்காத. ஒரு துண்டை எடுத்துத் தண்ணியில அலசிக் காட்டச் சொல்லு."

யாரோ குபுக்கென்று சிரித்தார்கள். 'வேணாம், அதைக் கேக்காத' என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. குருசாமி சிரிக்கவில்லை. சொம்புத் தண்ணீரைக் கொண்டுவரச் சொன்னார். ஒரு துண்டை எடுத்து அதில் அலசினார். பிழிந்தார். மறுபடி அலசினார். சிவப்பெல்லாம் போய், உள்ளங்கையில் ஒரு வெளுத்த பஞ்சுத் துண்டு இருந்தது. அதைப் பிய்த்துப் பார்த்தார். உள்ளேயும் பஞ்சுதான்.

அதை இலையோரம் வைத்தார். பிறகு இலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "சாமியே சரணம்" என்றார். எல்லோரும் சரணம் சொல்லிச் சாப்பிட ஆரம்பித்தார்கள். காரத்தில் குருசாமிக்கு மூக்கு ஒழுகியது. துண்டால் துடைத்துக்கொண்டே இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கினார்.

"யார் சமைச்சது?"

"நான்தான் சாமி" என்ற அப்பா, எதிர்வீட்டுப் பக்கம் கண் போனதும், "கை மட்டும் என்னுது" என்று முடித்தார்.

குருசாமி தலையாட்டினார். "அந்தத் தாய்க்கு முதல்ல ஒரு இலை எடுத்துட்டுப் போங்க. அப்புறம் நீங்க உட்காருங்க. வெள்ளிக்கிழமை கட்டு நிறைச்சுடலாம்." இருமுடி கட்டி மலைக்குக் கிளம்புவதைத்தான் அப்படிச் சொன்னார். அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு முகத்தைத் துடைத்தார்.

இலையை நான்தான் எடுத்துப்போனேன். எதிர்வீட்டுப் படியில் வைத்துவிட்டு விலகி நின்றேன். எதிர்வீட்டு அக்கா எடுத்து உள்ளே கொடுத்தார். திரை ஒதுங்கியது. அன்று சாயங்காலத்துக்குப் பிறகு அம்மாவின் முகத்தை அப்போதுதான் பார்த்தேன். ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு, "வெல்லம் கூடிப்போச்சு" என்றாள். ஆனால் வேகவேகமாகச் சாப்பிட்டாள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "அம்மா, அடுத்த வருஷம் நானே சமைச்சிடுவேன். நீ சொல்லக்கூட வேணாம். வருஷா வருஷம் அப்பாகூட மலைக்குப் போவேன். பதினெட்டு வருஷம் போனா நானும் குருசாமிதான், இல்ல?"

ஜன்னல் கம்பிகளுக்கு நடுவில் அம்மாவின் கை ஒரு கவளத்தோடு வெளியே வந்தது. என் வாய்க்கு ஒரு முழம் இருக்கும்போது நின்றது. என் கழுத்து மாலையைப் பார்த்தாள். கையை உள்ளே இழுத்துக்கொண்டு, அந்தக் கவளத்தைத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டாள்.

"போகலாமில்லம்மா?"

அடுத்த தை வந்தால் எனக்குப் பத்து முடிந்துவிடும். அன்று நான் கேட்ட ஒவ்வொன்றுக்கும் உடனே பதில் சொன்னவள், இதற்கு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. வாயில் சோறு இருப்பதால்தான் பேசவில்லை என்று நினைத்துக்கொண்டு, அவள் மென்று முடிக்கட்டும் என்று நான் சந்தில் நின்றுகொண்டிருந்தேன்.