குட்டிப் பாம்புகளுக்கு விரித்த தென்னந்தும்பு

பேர்லினில் பத்து வருடமாகப் பாம்பு வளர்க்கிறேன். போன கோடையில்தான் முதல்முறையாக முட்டைகள் பொரித்து ஆறு குட்டிகள் வந்தன. பார்க்க அழகாக இருக்குமென்று அவற்றின் பெட்டியில் தேங்காய் மட்டை நாரான தென்னந்தும்பை உதிர்த்து விரித்தேன்.

பாம்பென்றாலே நடுங்கும் என் மனைவி, அறை வாசலில் நின்றபடி சொன்னாள்: "இஞ்சை பாருங்கோ, ஒரு குட்டி வாயைத் திறந்தபடியே கிடக்குது."

"உமக்குப் பாம்பைப் பற்றி என்ன தெரியும்?" என்று சிரித்தேன்.

மாலையிலும் அது வாயை மூடவில்லை. தூக்கிப் பார்த்தேன். உள்ளே தும்பு சிக்கியிருந்தது. ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் இழுக்கப் பார்த்தேன்; குட்டி நழுவியது.

"தாங்கோ, நான் பிடிக்கிறன். நீங்கள் எடுங்கோ" என்று அவள் உள்ளே வந்து கை நீட்டினாள். தும்பு வந்தது. குட்டி பிழைத்தது.

அன்றே தும்பை அள்ளிவிட்டு ஈரக் கடதாசி விரித்தேன். ஆறும் நன்றாக வளர்ந்தன. பாம்புகளை எனக்குத் தெரியும் என்றுதான் இன்றும் சொல்வேன். ஆனால் அவள் கூப்பிட்டால், முதலில் எழுந்து போய்ப் பார்க்கிறேன்.