குளோரியா எனக்காக இடித்தது

நம்பினால் நம்புங்கள். நான் கதை கட்டுகிறவள் இல்லை, லேப்பில் வேலை செய்கிறவள். போன நவம்பரில், பட்டப்பகலில் நடந்தது இது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குளோரியா மேல் எனக்குப் பொறாமை. வயிறெரியும் பொறாமை. மலேசியாவில், பெட்டாலிங் ஜெயா லேப்பில் இருவருக்கும் ஒரே வேலை. செம்மறியாட்டின் முட்டிக் குருத்தெலும்பை உறையவைத்து, பீங்கான் உரலில் இடித்துப் பொடியாக்கி, அதிலிருந்து ஜீனைப் பிரித்தெடுக்க வேண்டும். மூட்டு நோய் ஆராய்ச்சிக்கு. அவளுக்கு எப்போதும் சுத்தமாக வரும். எனக்குக் குப்பைதான் வரும். அதே ஆடு, அதே உரல்! நிரந்தர வேலை ஒன்றுதான் காலி. திங்கட்கிழமை சோதனையில் யாருடைய குழாயில் உள்ள ஜீன் சுத்தமோ அவளுக்குத்தான் என்று லேப் தலைவர் டாக்டர் சுகுமாறன் சொல்லிவிட்டார்.

ஞாயிறு பூசை முடிந்து செந்தூல் சர்ச்சிலிருந்து நேராக லேப்புக்குப் போனேன். குளோரியா கிள்ளானில், அக்கா பிள்ளையின் ஞானஸ்நானத்தில் இருந்தாள். லேப்பில் ஒரு ஈ காக்கை இல்லை.

மணி 3.10. ஃப்ரீசரைத் திறந்தேன். குழாய் மூடியில் பெயர் எழுதி, பக்கத்தில் குட்டிச் சிலுவை போடுவது அவள் வழக்கம். பெயரையும் சிலுவையையும் ஸ்பிரிட்டால் அழித்தேன். அதில் 'கேத்தரின்' என்று என் பெயரை எழுதினேன். என் குப்பைக் குழாயில் அவள் பெயரை எழுதினேன்.

3.16. பக்கத்து அறையில் சத்தம்.

டொக்... டொக்... டொக். நின்றது. மறுபடி மூன்று.

மூன்று இடித்து நிறுத்துவது குளோரியா மட்டும்தான்.

எட்டிப் பார்த்தேன். முதுகைக் காட்டி நின்றாள். பட்டுச் சேலை. உரலில் திரவ நைட்ரஜன் புகைந்தது. பட்டால் சதை வெந்துபோகும் குளிர் அது. அவள் வெறுங்கையை உள்ளே விட்டிருந்தாள்.

"குளோரியா... கிளவ் எங்க லா?"

டொக்... டொக்... டொக்.

"நீ போ. ஒனக்குத்தான் இடிக்கிறேன்."

அவள் என்னைவிட உயரம். அன்று மேசை அவள் கழுத்துவரை இருந்தது...

ஓடினேன்.

5.40க்கு அவள் அக்கா போன் செய்தாள். அழுகைதான் முதலில் கேட்டது.

"ஃபெடரல் ஹைவேல லோரி மோதிருச்சு. ரெண்டு அம்பதுக்கே போய்ட்டா... முட்டி ரெண்டும் இல்ல, கேத்தரின்."

திங்கட்கிழமை. ஃப்ரீசரில் என் பெயர் போட்ட குழாய் இருந்தது.

ஆனால், எழுத்து என்னுடையது இல்லை. அவளுடைய சாய்ந்த எழுத்து. பக்கத்தில் குட்டிச் சிலுவை.

அதையே கொடுத்தேன். வேலை எனக்குக் கிடைத்தது.

இரண்டு வாரம் கழித்து டாக்டர் சுகுமாறன் கூப்பிட்டார். அந்தக் குழாயின் முழு ரிப்போர்ட் வந்திருந்தது.

"இது ஆடு இல்லம்மா. மனுச முட்டி. பொம்பள. யாரோடது?"

நான் தாளில் இருந்த சுத்த மதிப்பெண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்துக்கு 9.8.

செத்த பிறகும் என்னைவிடச் சுத்தமாகச் செய்திருந்தாள். அதைத்தான் இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை.